வீதிக்கு வந்த பந்தய வண்டி: விலையும் பெறுமதியும்

ஒரு பொருளின் விலை வேறு. அதன் பெறுமதி வேறு. சந்தையிலே கத்தரிக்காய் வாங்குபவரும் இவ்வேறுபாட்டை நன்கு அறிவார். ஆயினும், விலை ஏற ஏற இவ்வறிவு மங்கிவிடுவதே உலக வழக்கமாக இருக்கின்றது. ஒரு ரூபா கூடினால் வாதாடுபவர், பல இலட்சம் கூடும்போது வாய்மூடிப் பணங்கொடுத்து விடுகின்றார். பெரிய விலைக்குப் பின்னாற் பெரிய காரணம் ஏதோ இருக்கத்தான் வேண்டுமென்று அவர் நம்பிவிடுகின்றார். அக்காரணம் உண்மையில் இருக்கின்றதா? இருப்பின், அது வாங்குபவருக்குப் பயன்படுவதா? இவ்விரு வினாக்களையும் எழுப்பிப் பார்ப்பதற்குப் பொருத்தமான ஒரு பொருள் மோட்டார் உலகிலே உண்டு. அதுவே, பந்தயப் பாதையை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டு, பொது வீதியிலும் ஓட அனுமதி பெற்ற வண்டி.

இவ்வகை வண்டி இரண்டு உலகங்களுக்கு நடுவே நிற்பதாகும். அதற்கு இலக்கத்தகடு உண்டு, விளக்குகள் உண்டு, சட்டம் கேட்கும் பாதுகாப்புச் சாதனங்களும் உண்டு. ஆகவே, அதன் உரிமையாளர் காலையிலே வீட்டிலிருந்து அதனை ஓட்டிச் சென்று, பகல் முழுவதும் பந்தயப் பாதையிலே ஓடிவிட்டு, மாலையில் அதே வண்டியில் வீடு திரும்பலாம். இந்த வசதிக்காகவே சிலர் ஒரு வீட்டின் விலையை மனமுவந்து கொடுக்கின்றனர். வேறு சிலரோ, ஆசனம் குறைந்து, பொதி வைக்கும் இடமும் குறைந்து, ஓசை மட்டும் கூடிய ஒரு வண்டிக்கு இத்தனை பணமா என்று வியக்கின்றனர். இரு சாராரின் பேச்சிலும் நியாயம் உண்டு. எது எவருக்கு நியாயம் என்பதை அறிய, ஓர் உண்மையான வண்டியை எடுத்து, அதன் விலை எங்கே சென்று சேருகின்றது என்று பகுத்துப் பார்ப்பதே நல்ல வழி. அதற்கு ஜேர்மனி நாட்டின் போர்ஷே கம்பனி செய்யும் 911 ஜீ.ரீ. 3 ஆர்.எஸ். என்னும் வண்டி தக்க உதாரணமாகும்.

ஆர்.எஸ். என்னும் இரண்டு எழுத்துக்களும் ‘ரென்ஸ்போர்ட்’ என்னும் ஜேர்மன் சொல்லின் சுருக்கம்; பந்தய விளையாட்டு என்பது அதன் பொருள். 911 வண்டிகளில் இப்பெயரை முதன்முதலிற் பெற்றது, 1972ஆம் ஆண்டு பாரிஸ் நகரக் கண்காட்சியில் வைக்கப்பட்ட 911 காரெரா ஆர்.எஸ். 2.7 ஆகும். அக்காலப் பந்தய விதிகளின்படி, ஒரு குறித்த பிரிவிற் போட்டியிட விரும்பும் கம்பனி, அவ்வண்டியைப் போன்ற 500 வண்டிகளையாவது செய்து பொதுமக்களுக்கு விற்க வேண்டியிருந்தது. ஆகவே, வாங்குவோர் கேட்டதற்காக அன்றி, விதி கேட்டதற்காகவே அவ்வண்டி பிறந்தது. எனினும் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். 500க்குப் பதிலாக 1,580 வண்டிகள் செய்யப்பட்டன.

அந்த வண்டியின் விலைப்பட்டியலில் ஒரு சுவையான செய்தி உண்டு. அடிப்படை விலை 34,000 மார்க். அதற்குமேல் 700 மார்க் கொடுத்தால், ‘ஸ்போர்ட்’ என்னும் அமைப்பைப் பெறலாம். அந்த 700 மார்க்கிற்குக் கிடைத்தது என்னவென்றால், பெரும்பாலும் இல்லாமையே. பின் ஆசனம் இல்லை; மணிக்கூடு இல்லை; கதவைத் திறக்கும் கைபிடிக்குப் பதிலாக ஒரு பட்டி. வண்டியின் நிறை 960 கிலோகிராம். வசதிகள் நிறைந்த ‘ரூறிங்’ அமைப்பை விரும்பியவர் 2,500 மார்க் கூடுதலாகக் கொடுத்தார். அதன் நிறை 1,075 கிலோகிராம். இல்லாத பொருள்களுக்கு ஏன் பணம் என்று கேட்டால், அந்த 115 கிலோகிராம் குறைவே பந்தயத்தில் வெற்றியைத் தருவது என்பதே விடை.

ஆனால் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. 1,580 பேரில் 1,308 பேர் வசதியுள்ள அமைப்பையே தேர்ந்தெடுத்தனர். வெறுமையான ஸ்போர்ட் அமைப்பைக் கேட்டவர்கள் 200 பேர் மாத்திரமே. அதாவது, பந்தய வண்டியின் பெயரையும் தோற்றத்தையும் விரும்பியவர் பலர்; பந்தய வண்டியின் துன்பத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டவர் சிலர். இன்று எழும் விலை வாதத்தின் வித்து அன்றே விதைக்கப்பட்டுவிட்டது எனலாம்.

இனி, 2022ஆம் ஆண்டில் அறிமுகமான ஜீ.ரீ. 3 ஆர்.எஸ். வண்டிக்கு வருவோம். அறிமுகத்தின்போது ஜேர்மனியில் வரியுடன் அதன் விலை 2,29,517 யூரோ. அதே குடும்பத்தைச் சேர்ந்த சாதாரண 911 காரெரா வண்டியின் விலையைப்போல் இஃது ஏறத்தாழ இரு மடங்கு. இவ்விரண்டிற்கும் இடையே ஜீ.ரீ. 3 என்னும் வண்டி ஒன்றும் உண்டு. அதுவும் பந்தயப் பாதைக்கு ஏற்றதே. 2021இல் அறிமுகமானபோது அதன் விலை 1,70,969 யூரோ. ஆகவே, ஆர்.எஸ். என்னும் இரண்டு எழுத்துக்களுக்காக வாங்குபவர் கொடுக்கும் வேறுபாடு 58,548 யூரோ.

இவ்வேறுபாட்டிற்கு எஞ்சினிலே காரணம் தேடுபவர் ஏமாற்றம் அடைவார். இரண்டிலும் இருப்பது 4 லீற்றர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் கொண்ட எஞ்சினே. ஜீ.ரீ. 3 தருவது 510 குதிரைவலு, ஆர்.எஸ். தருவது 525. நிறையிலும் ஆர்.எஸ். இலேசானது அன்று, 1,450 கிலோகிராமுடன் அது சற்றுப் பாரமானதே. உச்ச வேகத்தை நோக்கினால் வியப்பு இன்னும் பெருகும். விலை குறைந்த ஜீ.ரீ. 3 மணிக்கு 318 கிலோமீற்றர் ஓடக்கூடியது; விலை கூடிய ஆர்.எஸ். 296 கிலோமீற்றருடன் நின்றுவிடுகின்றது. வேகத்தை விலையால் அளப்பவர்களுக்கு இது விடுகதையாகவே தோன்றும். அவ்விடுகதையின் விடை காற்றிலே இருக்கின்றது.

பந்தயப் பாதையில் நேரத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வளைவுகளே. வளைவிலே வண்டியை வெளியே வீசப்படாமற் பிடித்து வைப்பது ரயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு. ரயரைத் தரையோடு அழுத்தும் விசை கூடினால் உராய்வும் கூடும். அப்படியாயின் வண்டியின் பாரத்தைக் கூட்டினாற் போதாதா என்று கேட்கலாம். போதாது. பாரம் கூடினால், வளைவில் திருப்பவேண்டிய பொருளும் கூடிவிடும். ஒரு கையாற் கொடுத்ததை மறு கை எடுத்துக்கொள்ளும். பாரத்தைக் கூட்டாமல் அழுத்தத்தை மாத்திரம் கூட்ட வல்லது காற்று ஒன்றே. ஆகாய விமானத்தின் இறக்கை காற்றினால் விமானத்தை மேலே தூக்குகின்றது. அதே இறக்கையைத் தலைகீழாக அமைத்தால், அது வண்டியைத் தரையோடு அழுத்தும். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஆர்.எஸ். வண்டியின் மீது காற்று ஏற்படுத்தும் அழுத்தம் 409 கிலோகிராம் பாரத்திற்குச் சமம். 285 கிலோமீற்றர் வேகத்தில் 860 கிலோகிராம். இது ஜீ.ரீ. 3 பெறும் அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு என்று கம்பனி கூறுகின்றது. உச்ச வேகம் குறைந்ததற்கும் இதுவே காரணம். காற்றைப் பிடித்து அழுத்தம் பெறுபவர், காற்றின் தடையையும் சேர்த்தே பெறவேண்டும்.

இதைப் பெறுவதற்காக வண்டியின் உடலே மாற்றியமைக்கப்பட்டது. அதன் பின் இறக்கையின் மேல் விளிம்பு கூரையிலும் உயர்ந்து நிற்கின்றது. போர்ஷே கம்பனியின் விற்பனை வண்டிகளில் இப்படி அமைந்தது இதுவே முதன்முறை. நேர்ப் பாதையிலே இறக்கை தட்டையாகிக் காற்றுக்கு வழிவிடும். அவசரமாகப் பிறேக் பிடிக்கும்போது நிமிர்ந்து காற்றைத் தடுக்கும். முன்புறத்தில் மூன்று இடங்களில் இருந்த றேடியேற்றர்களுக்குப் பதிலாக, நடுவிலே ஒரு பெரிய றேடியேற்றர் சரிவாக வைக்கப்பட்டது. பந்தய வண்டிகளிலிருந்து வந்த இம்முறையினால் இரு பக்கங்களிலும் காற்றை ஒழுங்குபடுத்த இடம் கிடைத்தது. ஆனால், 911 வண்டிகளிற் பொதிகளை வைக்கும் முன் அறை முற்றாக மறைந்தது. முன் சக்கரங்களைத் தாங்கும் கரங்கள்கூடக் காற்றுக்கு இசையும்படி நீர்த்துளியின் வடிவில் அமைக்கப்பட்டுள்ளன. உச்ச வேகத்தில் இதனால் மாத்திரம் 40 கிலோகிராம் அழுத்தம் கூடுகின்றதாம். வெளியே தெரியாத ஒரு கரத்திற்கே இத்தனை ஆராய்ச்சி என்றால், செலவு எங்கே சென்றதென்பது ஓரளவு புலனாகும்.

எஞ்சினிலும், சாதாரண வண்டியிற் காணாத வேலைப்பாடு உண்டு. அது நிமிடத்துக்கு 9,000 முறை சுழலக்கூடியது. அவ்வேளையில் ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 150 முறை மேலுங் கீழும் சென்று வருகின்றது. அதன் சராசரி வேகம் விநாடிக்கு 24 மீற்றருக்கு மேல். இத்தகைய ஓட்டத்தைத் தாங்கும் உறுப்புக்களைச் செய்வதற்குத் துல்லியமும் உயர்ந்த உலோகங்களும் வேண்டும். எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். சாதாரண எஞ்சினில் எண்ணெய் அடியிலுள்ள தொட்டியிலே தேங்கி நிற்கும். நீண்ட வளைவை மிகுந்த வேகத்திற் கடக்கும்போது, கிண்ணத்து நீர் சரிவதுபோல் அவ்வெண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்பி ஒரு கணம் வெறுங் காற்றை இழுத்தாலும் எஞ்சினின் கதை முடிந்துவிடும். இதனைத் தடுக்க, பந்தய எஞ்சின்களில் எண்ணெயை உடனுக்குடன் உறிஞ்சித் தனியான தொட்டியிற் சேர்க்கும் முறை கையாளப்படுகின்றது. ஜீ.ரீ. 3 குடும்பத்து வண்டிகளிலும் இம்முறையே உண்டு. வீட்டிலிருந்து அலுவலகம் செல்பவருக்கு இதனால் எவ்விதப் பயனும் இல்லை. பந்தயப் பாதையில் ஓடுபவருக்கோ இது எஞ்சினின் உயிர்க்காப்பு.

பிறேக்கின் நிலையும் இவ்வாறே. மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்தில் வரும் இவ்வண்டி, வளைவுக்கு முன் 80 கிலோமீற்றருக்கு இறங்கவேண்டுமானால், அது விட்டொழிக்கும் சக்தி ஏறத்தாழ 10 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொண்டாலும், பெரும்பகுதி சில விநாடிகளுக்குள் பிறேக் தட்டுகளில் வெப்பமாக இறங்குகின்றது. அடுத்த வளைவிலும் அவ்வாறே. அதற்கடுத்த வளைவிலும் அவ்வாறே. சாதாரண வண்டியில் இப்படிப் பல முறை செய்தால், பிறேக் திரவம் கொதித்து ஆவி உண்டாகும், மிதி தரைவரை அமிழ்ந்துபோகும், வண்டியோ நில்லாது. பந்தயப் பாதைக்குப் புதியவர்கள் அஞ்சவேண்டியது வேகத்திற்கு அன்று, இந்த வெப்பத்திற்கே. ஆர்.எஸ். வண்டியின் முன் பிறேக் தட்டுகள் 408 மில்லிமீற்றர் விட்டமுடையன. அவற்றைக் குளிர்விக்கக் காற்றை வழிநடத்தும் அமைப்பும் உண்டு. இவையெல்லாம் ஒரே செயலை நூறு முறை தளராமற் செய்வதற்காக அமைந்தவை.

இவற்றோடு பொருளின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கதவுகள், முன் மறைப்புக்கள், கூரை, முன் மூடி ஆகியவை காபன் இழையினாற் செய்யப்பட்டவை. உருக்குத் தகட்டை ஓர் அச்சில் வைத்து அழுத்தினால், சில விநாடிகளில் ஒரு கதவின் தோல் உருவாகிவிடும். காபன் இழையோ படை படையாக அடுக்கப்பட்டு, பசையூட்டப்பட்டு, வெப்பத்தில் இறுகவைக்கப்பட வேண்டியது. நேரமும் கைவேலையும் மிகுதி. மேலும், இலட்சக்கணக்கான வண்டிகளைச் செய்யும் கம்பனி, ஆராய்ச்சிச் செலவை இலட்சக்கணக்கானோரிடையே பகிர்ந்துவிடும். சில ஆயிரம் வண்டிகளைச் செய்யும்போது, அச்செலவு சில ஆயிரம் பேரின் தலையிலே விழும். ஆகவே, விலைக்குக் காரணம் உண்டா என்னும் முதலாவது வினாவிற்கு, ‘உண்டு’ என்றே விடை கூறவேண்டும்.

அக்காரணத்தால் விளைந்த பயன் எவ்வளவு? இதனை அளக்க ஜேர்மனியிலே பெயர்பெற்ற ஓர் அளவுகோல் உண்டு. 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நூர்பேர்க்ரிங் பந்தயப் பாதையின் வடக்கு வளையம், மலையுங் காடுமாக 20.832 கிலோமீற்றர் நீளமுடையது. 1976இல் நிக்கி லவுடா என்னும் வீரர் தீக்காயமுற்ற விபத்திற்குப் பின், ‘போர்முலா வண்’ போட்டி அவ்வளையத்தை விட்டே நீங்கியது. அத்தகைய கடுமையான பாதையை ஜீ.ரீ. 3 சுற்றிவர எடுத்த நேரம் 6 நிமிடம் 59.927 விநாடி. 2022இல் ஆர்.எஸ். வண்டியை ஓட்டிய பந்தய வீரர் யோர்க் பேர்க்மைஸ்ரர், 6 நிமிடம் 49.328 விநாடியில் அதே தூரத்தைக் கடந்தார். அதாவது சராசரி வேகம் மணிக்கு 183 கிலோமீற்றர். இரண்டிற்கும் வேறுபாடு 10.6 விநாடி. விலை வேறுபாட்டை இதனாற் பிரித்தால், ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 5,500 யூரோ ஆகின்றது. சாதனை செய்த வண்டியில், தனியே பணங்கொடுத்துப் பெறும் இலேசாக்கும் உறுப்புக்களும் இருந்தன. அவற்றையுஞ் சேர்த்தால் கணக்கு இன்னும் ஏறும். நேரத்திற் கிடைத்த இலாபம் நூற்றுக்கு இரண்டரை. விலையிற் கூடியது நூற்றுக்கு முப்பத்துநான்கு.

இக்கணக்கைக் கேட்டவுடன், ‘வீண் செலவு’ என்று தீர்ப்பளிக்க மனம் விரையும். ஆயினும் மற்றொரு கணக்கையும் பார்ப்பது நீதியாகும். அதே கம்பனி, பந்தயத்திற்கு மாத்திரம் உரிய 911 ஜீ.ரீ. 3 கப் என்னும் வண்டியையும் விற்கின்றது. 2021ஆம் ஆண்டு ஓட்டப் பருவத்திற்காக அவ்வண்டி வந்தபோது, வரி நீங்கலாக அதன் விலை 2,25,000 யூரோ. ஆர்.எஸ். வண்டியின் விலையிலிருந்து ஜேர்மனியின் நூற்றுக்கு 19 வரியைக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 1,92,900 யூரோவே. கப் வண்டிக்கு இலக்கத்தகடு இல்லை. அதனை ஏற்றிச் செல்ல மற்றொரு வாகனம் வேண்டும். கவனிக்க ஆட்கள் வேண்டும். ஓடிய மணிகளை எண்ணி எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கவும் வேண்டும். இவ்வகையில் நோக்கினால், ஆர்.எஸ். வண்டி மலிவானது என்றுகூடச் சொல்லலாம். சாதாரண வண்டியோடு ஒப்பிட்டால் ஊதாரித்தனம். பந்தய வண்டியோடு ஒப்பிட்டாற் சிக்கனம். ஒரே விலை, வைக்கும் தராசுக்கேற்ப இருவேறு முகங்களைக் காட்டுகின்றது.

எனவே, இரண்டாவது வினாவே தீர்ப்புக்கு வழிகாட்டுவது: வாங்குபவருக்கு அது பயன்படுமா? இங்கே இயற்கையின் விதி ஒன்று குறுக்கே நிற்கின்றது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப மாறுவது. வேகம் பாதியானால் அழுத்தம் காற்பங்காகும். 200 கிலோமீற்றரில் 409 கிலோகிராமாக இருந்தது, 100 கிலோமீற்றரில் ஏறத்தாழ நூறாகவும், நகரத்தில் அனுமதிக்கப்படும் 50 கிலோமீற்றரில் ஏறத்தாழ இருபத்தைந்தாகவும் சுருங்கிவிடும். அதாவது, பல ஆண்டுகள் ஆராய்ந்து அமைத்த அந்தப் பெரிய இறக்கை, நகர வீதியிலே ஒரு சிறுவன் வண்டியின் மேல் உட்கார்ந்த அளவு அழுத்தத்தையே தருகின்றது. வேகக் கட்டுப்பாடற்ற பகுதிகளையுடைய ஜேர்மன் நெடுஞ்சாலைகளிலும், வளைவுகளை எல்லைவரை கடக்கும் வாய்ப்பு எவருக்கும் இல்லை. பொது வீதியில் அதனை நாடுபவர், தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைப்பவராவார்.

பயனின்மை மாத்திரம் அன்று, இடைஞ்சலும் உண்டு. பின் ஆசனம் இல்லை. முன் அறை இல்லையாதலால், ஒருவர் தம் பையை ஆசனங்களின் பின்னே வைக்கவேண்டும். இறுக்கமான விற்கள் வீதியின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் முதுகெலும்புக்கு அறிவிக்கும். பந்தயப் பாதைக்குரிய ரயர்கள் வெப்பமடைந்த பின்னரே முழுப் பிடிப்பையுங் கொடுப்பவை. அவற்றின் வெட்டுக்கள் ஆழமற்றவை. குளிர்ந்த நாளிலே, மழைநீர் தேங்கிய வீதியிலே, அவை விலை குறைந்த சாதாரண ரயர்களிலும் குறைவான பாதுகாப்பையே தரலாம். எல்லா இடத்திலும் சிறந்தது எனக் கருதி வாங்கியவர் முதலில் உணரவேண்டிய எச்சரிக்கை இதுவே.

வாங்கிய பின் வரும் செலவும் சிறியதன்று. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது பழமொழி; இங்கே அது மெத்தப் பொருந்தும். பந்தயப் பாதையில் ஓடும் நாட்களில் ரயர்களும் பிறேக் கட்டைகளும் நாட்கணக்கிலே தேய்ந்துபோகும். நூர்பேர்க்ரிங் வளையத்திலே பொதுமக்களும் கட்டணஞ் செலுத்தித் தம் வண்டிகளை ஓட்டலாம். அவ்வேளைகளில் அது ஒருவழிப் பொதுச் சாலையாகக் கருதப்பட்டு, வீதிச் சட்டத்திற்கும் உட்பட்டது. ஆனால், பந்தயப் பாதைகளில் நேரும் சேதங்களை ஏற்காத காப்புறுதி ஒப்பந்தங்கள் பல. தடுப்பு வேலியிலே மோதினால், வண்டியின் சேதத்தோடு வேலியின் சேதத்தையும் சாரதியே செலுத்த நேரும். கடன்பட்டு வாங்கியவருக்கு ஒரு கணத் தவறு பல ஆண்டுச் சுமையாகிவிடும். விலையைக் கொடுக்க முடிவது வேறு. இழப்பைத் தாங்க முடிவது வேறு. இத்தகைய வண்டியை வாங்க எண்ணுபவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டாவதைப் பற்றியே.

பந்தயப் பாதையின் இன்பத்தை விரும்புபவருக்கு வேறு வழியே இல்லை என்றும் எண்ணிவிடலாகாது. 1957ஆம் ஆண்டு இங்கிலாந்திலே கொலின் சப்மன் என்பவர் அமைத்த லோட்டஸ் செவன் என்னும் சிறு வண்டி, 1973 முதல் கேற்றர்ஹாம் என்னும் பெயரில் இன்றுவரை செய்யப்பட்டு வருகின்றது. கதவும் கூரையும் பெயரளவிலேயே உள்ள அவ்வண்டியின் நிறை ஆர்.எஸ். வண்டியின் பாதிக்கும் குறைவு. இலேசான வண்டிக்குப் பெரிய எஞ்சின் வேண்டியதில்லை. பெரிய பிறேக்கும் வேண்டியதில்லை. ரயர்களும் மெதுவாகவே தேயும். சப்பானின் மஸ்டா கம்பனி 1989இல் அறிமுகஞ்செய்த எம்.எக்ஸ். 5 வண்டியும் இவ்வழியைப் பின்பற்றியதே. இத்தகைய ஒரு வண்டியை வாங்கி, மிஞ்சிய பணத்தில் நல்ல ஆசானிடம் ஓட்டப் பயிற்சி பெறுபவர், ஆர்.எஸ். தரும் 10 விநாடியிலும் கூடுதலான விநாடிகளைத் தம் கைத்திறனாலேயே ஈட்டிவிடலாம். ஏனெனில், அந்தப் பத்து விநாடியை எடுத்துக் காட்டியவர் தேர்ந்த பந்தய வீரர். பழக்கமற்ற கைகளில் வண்டியின் எல்லைக்கும் சாரதியின் எல்லைக்கும் இடையே மலைபோன்ற இடைவெளி கிடக்கும். பணத்தால் உயர்வது வண்டியின் எல்லையே அன்றிச் சாரதியின் எல்லை அன்று.

இறுதியாக, முதலீடு என்னும் வாதம் ஒன்று உண்டு. 34,000 மார்க்கிற்கு விற்கப்பட்ட 1973ஆம் ஆண்டின் ஆர்.எஸ். வண்டிகள், இன்று பல இலட்சம் யூரோவிற்குக் கைமாறுகின்றன. ஆகவே, இன்று வாங்குவதும் நாளைய செல்வம் என்பர் சிலர். அது நடக்கவும் கூடும். ஆனால், நன்றாக விலைபோகும் வண்டி பெரும்பாலும் ஓடாத வண்டியே. முதலீடாக வாங்குபவர், தேய்மானத்திற்கு அஞ்சி அதனைக் கொட்டகையிலே பூட்டி வைப்பார். எந்தப் பாதைக்காக அந்த எஞ்சினும் பிறேக்கும் இறக்கையும் அமைக்கப்பட்டனவோ, அந்தப் பாதையை அது காணாமலே முதுமையடையும். அவ்விலை அருமைக்குக் கொடுக்கப்படும் விலையாகும், வேலைப்பாட்டிற்குரியது அன்று. அருமையின் விலையோ மக்களின் ஆசையோடு ஏறுவது, ஆசையோடு இறங்குவது.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து நோக்கினால் முடிவு தெளிவாகின்றது. வண்டியின் விலையிலே பெரிய மோசடி இல்லை. கொடுத்த பணத்திற்குரிய வேலை உலோகத்திலும் காபன் இழையிலும் உண்மையாகவே செய்யப்பட்டிருக்கின்றது. ஆண்டிற் பல நாட்கள் பந்தயப் பாதைக்குச் செல்பவர், ஓட்டப் பயின்றவர், இழப்பு நேர்ந்தாலும் குடும்பத்திற்கு இடர் வராத செல்வமுடையவர் ஆகியோருக்கு அவ்விலை நியாயமானதே. ஜீ.ரீ. 3 வண்டியே அவருட் பலருக்குப் போதுமானதென்பது வேறு விடயம். வீதியில் மாத்திரம் ஓட்ட நினைப்பவருக்கோ அவ்விலை எவ்வகையிலும் நியாயமாகாது. அவர் காற்றின் அழுத்தத்திற்கும், கொதியாத பிறேக்கிற்கும், சரியாத எண்ணெய்க்கும் பணங்கொடுத்துவிட்டு, அவற்றில் ஒன்றையேனும் ஒரு நாளேனும் அனுபவியாது போகின்றார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் 1,580 பேரில் 200 பேரே வெறுமையான வண்டியைக் கேட்டனர். அந்த 200 பேருக்குத் தாம் எதற்காகப் பணங்கொடுக்கின்றோம் என்பது தெரிந்திருந்தது. இன்றும் விலைப்பட்டியலைப் படிக்குமுன் வாங்குபவர் தம் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்ப்பது நலம். அடுத்த ஆண்டிற் பந்தயப் பாதைக்கு எத்தனை நாட்கள் செல்லப்போகின்றார் என்பதை அதில் எண்ணினால், வண்டி அவருக்கு ஏற்றதா என்பது விற்பனையாளரைக் கேளாமலே விளங்கிவிடும்.